பணம் இருந்தும் வாங்க முடியாத ஒயின்... 'பட்டியலில்' யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் டேட்டா!

கடைக்குப் போனோம், காசு கொடுத்தோம், பொருளை வாங்கினோம் என்பதுதான் வியாபாரம். ஆனால், உலகின் சில ஒயின்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பாட்டில் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியல் இருப்பது ஒரு கம்ப்யூட்டரில். அதில் ஒரு கட்டம் தவறாக மாறினால், பத்து வருட விசுவாசம் ஒரே நாளில் காணாமல்போய்விடும்!

50 டாலரில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது நாபா பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பெயர்போன பகுதி. அங்கே ஓக்வில் என்ற இடத்தில், ரியல் எஸ்டேட் தொழிலில் இருந்த ஜீன் ஃபிலிப்ஸ் என்ற பெண்மணி 1986-ல் ஒரு திராட்சைத் தோட்டத்தை வாங்கினார். அப்படி உருவானதுதான் 'ஸ்க்ரீமிங் ஈகிள்' ஒயினரி.

1992-ல் அறுவடை செய்த திராட்சையிலிருந்து செய்த முதல் ஒயின், 1995-ல் விற்பனைக்கு வந்தது. மொத்தமே சில நூறு பெட்டிகளுக்குள்தான். ஒரு பாட்டில் 50 டாலர். புகழ்பெற்ற ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு 100-க்கு 99 மதிப்பெண் கொடுத்தார். அவ்வளவுதான், எல்லாம் மாறிப்போனது. 2000-ம் ஆண்டு நாபாவில் நடந்த அறக்கட்டளை ஏலத்தில், அந்த முதல் வருட ஒயினின் 6 லிட்டர் பாட்டில் ஒன்று 5 லட்சம் டாலருக்குப் போனது.

இன்று இந்த ஒயினை ஒயினரியிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டுமென்றால், 'மெயிலிங் லிஸ்ட்' எனப்படும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நுழைய, முதலில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒயினரி விலையில் சில பாட்டில்கள் கிடைக்கும். இல்லாதவர்கள் ஏலத்திலோ வெளிச்சந்தையிலோ அதைவிட மிக அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும்.

ஸ்க்ரீமிங் ஈகிள் மட்டுமல்ல, ஹார்லன் எஸ்டேட், 'சைன் குவா நான்' என கலிஃபோர்னியாவில் பல ஒயினரிகள் இப்படிப் பட்டியல் வைத்துத்தான் விற்கின்றன.

ஏன் இந்தப் பட்டியல்?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியபோது, பெரும்பாலான மாநிலங்கள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தன. தயாரிப்பவர் மொத்த விநியோகஸ்தருக்கு விற்க வேண்டும், விநியோகஸ்தர் கடைக்கு விற்க வேண்டும், கடைக்காரர்தான் மக்களுக்கு விற்க வேண்டும். இந்த மூன்றடுக்கு முறையில் சின்ன ஒயினரிகள் தவித்தன. வருடத்துக்கு ஆயிரம் பெட்டி தயாரிப்பவரை எந்தப் பெரிய விநியோகஸ்தர் கண்டுகொள்வார்?

2005-ல் வந்தது திருப்புமுனை. மிச்சிகன், நியூயார்க் மாநிலங்கள் தங்கள் ஊர் ஒயினரிகளை மட்டும் வீடுகளுக்கு நேரடியாக ஒயின் அனுப்ப அனுமதித்து, வெளிமாநில ஒயினரிகளைத் தடுத்துவந்தன. இந்தப் பாரபட்சம் செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமாகக் கதவு திறந்தது. 2021-ல் அமெரிக்க ஒயினரிகள் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக அனுப்பிய ஒயினின் மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டியது.

இடைத்தரகர் இல்லை என்பதால் லாபம் அதிகம். கூடவே இன்னொரு சொத்தும் கைக்கு வந்தது. யார் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார், எத்தனை வருடமாக வாங்குகிறார் என்ற டேட்டா!

படிக்கட்டு போல நிலைகள்

பட்டியலில் இருக்கும் எல்லோரும் சமம் இல்லை. ஒயினரிக்கு ஒயினரி பெயர்கள் மாறினாலும், பொதுவாக நான்கு படிகள் இருக்கும்.

முதல் படி, காத்திருப்பவர். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்திருப்பார், வாங்கும் உரிமை இன்னும் வரவில்லை. இரண்டாவது, புதிய உறுப்பினர். அவருக்கு உதாரணமாக 3 பாட்டில் ஒதுக்கப்படும். மூன்றாவது, பழைய உறுப்பினர். 6 பாட்டில் கிடைக்கலாம். மற்றவர்கள் வாங்காமல் விட்டதில் கூடுதலாகக் கேட்டுப் பெறவும் அவருக்கு வாய்ப்பு உண்டு. நான்காவது படியில் இருப்பவர்களுக்குப் பெரிய அளவு பாட்டில்கள், மற்றவர்களுக்கு முன்பே வாங்கும் உரிமை, தோட்டத்துக்கே வந்து சுவைத்துப்பார்க்கும் அழைப்பு என்று மரியாதை கூடும்.

யாரை எந்தப் படியில் வைப்பது? நேரடி விற்பனை செய்பவர்கள் பல காலமாகக் கேட்டுவரும் மூன்று கேள்விகள்தான் இங்கேயும். கடைசியாக எப்போது வாங்கினார்? எத்தனை முறை வாங்கினார்? மொத்தம் எவ்வளவு செலவழித்தார்? இந்த மூன்றிலும் மேலே இருப்பவர் படியேறுவார். ஒன்றிரண்டு வருடம் வாங்காமல் விட்டால் கீழே இறங்குவார், அல்லது பட்டியலிலிருந்தே நீக்கப்படுவார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த டேட்டாவை எப்படி எழுதிவைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பழைய எழுத்தை அழித்தால்..?

பல ஒயினரிகளின் வாடிக்கையாளர் பதிவில், 'நிலை' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். ஒருவர் படியேறினால், அந்தக் கட்டத்தில் இருந்த பழைய நிலையை அழித்துவிட்டுப் புதிய நிலையை எழுதிவிடுவார்கள். இன்றைய தேவைக்கு அது போதும். இவருக்கு இன்று எத்தனை பாட்டில் என்று பார்த்தால் சரியான பதில் வரும்.

ஆனால், பழைய வருடங்களைத் திரும்பிப் பார்க்கும்போது கணக்கு தாறுமாறாகிவிடும். ஓர் உதாரணம் பார்க்கலாம்.

2019-ல் ஓர் ஒயினரியில் 100 புதிய உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 3 பாட்டில் ஒதுக்கீடு. 60 பேர் மூன்றையும் வாங்கினார்கள், அது 180 பாட்டில். மீதி 40 பேர் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள், அது 40. மொத்தம் 220 பாட்டில். ஒருவருக்குச் சராசரி 2.2.

2021-ல், முழுதாக வாங்கிய 60 பேரில் 30 பேருக்குப் பதவி உயர்வு. அவர்கள் இனி 6 பாட்டில் வாங்கும் பழைய உறுப்பினர்கள். கட்டத்தில் பழைய எழுத்து அழிந்தது, புதிய எழுத்து வந்தது.

இப்போது மேனேஜர் 2019 விற்பனையை நிலைவாரியாகக் கேட்கிறார். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இன்றைய நிலை மட்டுமே. அதனால், அன்றைய புதிய உறுப்பினர்கள் 70 பேர்தான் என்கிறது. அவர்கள் வாங்கியது 130 பாட்டில், சராசரி 1.86 என்று காட்டுகிறது. மீதி 90 பாட்டில், 'பழைய உறுப்பினர்கள்' கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதோடு விட்டதா? அந்த 30 பேரும் ஆளுக்கு 6 பாட்டில் கிடைத்தும் 3 மட்டுமே வாங்கியதாகவும் ஒரு கெட்ட பெயர்! அன்று அவர்களுக்குக் கொடுத்ததே 3 பாட்டில்தான் என்பது எங்குமே இல்லை.

இதில் பாதிக்கப்படுவது யார்? கீழ்ப்படியில் இருப்பவர்கள். அங்கே நன்றாக வாங்குபவர்கள் மேலே போகும்போதெல்லாம் தங்கள் பழைய கணக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எந்த வருடத்தைப் பார்த்தாலும் கீழ்ப்படி உறுப்பினர்கள் அக்கறை இல்லாதவர்களாகவே தெரிவார்கள். அதை நம்பி அவர்கள் ஒதுக்கீட்டைக் குறைத்தால், நாளைய நல்ல வாடிக்கையாளரை ஒயினரியே விரட்டியடித்ததாக ஆகும்.

தீ எரிந்த வருடம்

இரண்டாவது சிக்கலைப் புரிந்துகொள்ள, நாபா சந்தித்த ஒரு சோகத்தைப் பார்க்க வேண்டும்.

2020 ஆகஸ்ட்டில் மின்னல் தாக்கியதில் கலிஃபோர்னியாவின் பல இடங்களில் காட்டுத்தீ பரவியது. செப்டம்பர் 27 அன்று 'கிளாஸ் ஃபயர்' என்று பெயரிடப்பட்ட தீ, நாபா பள்ளத்தாக்குக்குள்ளேயே மூண்டது. அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். சில ஒயினரிகள் எரிந்தே போயின. எரியாமல் தப்பிய தோட்டங்களிலும் நாள்கணக்கில் புகை சூழ்ந்து நின்றது.

சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு சேர்த்துத்தான் புளிக்கவைப்பார்கள். தோலில் ஏறிய புகையின் வேதிப்பொருள்கள் அப்படியே ஒயினில் இறங்கும். குடித்தால் சாம்பலை நாக்கில் வைத்ததுபோல் இருக்கும். அதனால், 2020-ல் சிவப்பு ஒயினே வெளியிடப்போவதில்லை என்று நாபாவின் பல முன்னணி ஒயினரிகள் முடிவெடுத்தன.

உயர்தர சிவப்பு ஒயினை இரண்டு மூன்று வருடம் பதப்படுத்திய பிறகே விற்பார்கள். எனவே, 2020-ன் வெற்றிடம் விற்பனைக் கணக்கில் தெரிந்தது 2022, 2023-ல்தான். அந்த வருடம் உறுப்பினர்களின் பதிவில் கொள்முதல் பூஜ்யம்.

விற்பனையை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். அந்த உறுப்பினர் வாங்கவில்லையா, அவருக்குக் கொடுக்கவே இல்லையா என்று அதற்குத் தெரியாது. இரண்டு வருடம் வாங்காவிட்டால் பெயரை நீக்கு என்று ஒரு விதி இருந்து, அடுத்த வருடம் அந்த உறுப்பினர் உடம்பு சரியில்லாமலோ, பணக் கஷ்டத்திலோ ஒருமுறை மட்டும் வாங்காமல் விட்டிருந்தால்? அவர் உண்மையில் தவறவிட்டது ஒரே ஒரு முறை. கணக்கில் இருப்பதோ இரண்டு. பத்து வருடம் காத்திருந்து பெற்ற இடம் போய்விடும்.

தீ மட்டுமே காரணம் இல்லை. யூட்டா மாநிலத்தில் வீடுகளுக்கு நேரடியாக ஒயின் அனுப்ப அனுமதி கிடையாது. வேலை மாறி அங்கே குடிபோனவருக்கு ஆசையும் பணமும் இருந்தாலும், வீட்டு வாசலில் ஒயின் வராது. கோடை வெயிலில் லாரியில் போனால் ஒயின் கெட்டுவிடும் என்பதால், ஆர்டர் செய்ததைக் குளிர் வரும்வரை நிறுத்திவைத்து அனுப்புவதும் உண்டு. ஒருவர் வாங்கிய தேதியை எழுதுவதா, அனுப்பிய தேதியை எழுதுவதா என்பதைப் பொறுத்துக்கூட, அவர் வாங்கிய வருடம் மாறிப்போகலாம்.

ஒரே வீடு, மூன்று பெயர்கள்

கணவர் பெயரில் பட்டியலில் இடம். மனைவி நேரில் போய் வாங்கியது அவருடைய பெயரில். இரண்டு மின்னஞ்சல் முகவரிகளில் கொடுத்த காத்திருப்பு விண்ணப்பங்கள் வேறு. ஒரே குடும்பம் கம்ப்யூட்டரில் மூன்று வாடிக்கையாளர்களாகத் தெரியும்போது, ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குபவர்களாகத்தான் தெரிவார்கள். மூன்றையும் ஒன்றாக்கிப் பார்த்தால் அந்த வீடு மேல்படிக்குரியது.

கணவர் இறந்துவிட்டால் பட்டியலில் அவருடைய இடம் யாருக்கு? விவாகரத்து ஆனால்? இதையெல்லாம் கம்ப்யூட்டர் முடிவு செய்ய முடியாது. ஒயினரி ஒரு விதி வகுத்து, அதைப் பதிவில் எழுதிவைத்தாக வேண்டும்.

முழுதாக வாங்குபவர் எல்லாம் ரசிகரா?

மூன்றாவது சிக்கல், ஒயினரிகளுக்குத் தலைவலியான ஒன்று. பட்டியல் விலையில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஏலத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஒரு வருடம்கூடத் தவறவிட மாட்டார்கள். ஒதுக்கியதை எல்லாம் வாங்குவார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இவர்களிடம் முழு மதிப்பெண்! ஆகவே, விற்பனை டேட்டா இவர்களைத்தான் முதலில் மேல்படிக்குத் தூக்கிவிடும்.

ஃபிரான்ஸின் பர்கண்டி பகுதியில் இருக்கும் 'டொமைன் டி லா ரொமானே-கோன்டி' இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் புகழ்பெற்ற ரொமானே-கோன்டி தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர்தான். அங்கிருந்து வரும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் குறிப்பிட்ட இறக்குமதியாளர்கள் மூலமாகவே விற்பனை நடக்கும். எந்த எண் யாருக்குப் போனது என்ற பதிவு இருந்தால், வெளிச்சந்தையில் தலைகாட்டும் பாட்டில் யார் கையிலிருந்து நழுவியது என்று தேடிப்பிடிக்கலாம். அடுத்த வருட ஒதுக்கீட்டில் அது எதிரொலிக்கும்.

டேட்டா திருடுபோனால்?

இவ்வளவு விவரம் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆபத்தும் சேரும். 2015-ல், கலிஃபோர்னியாவில் சுமார் 250 ஒயினரிகளுக்கு விற்பனை மென்பொருள் வழங்கிவந்த ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். வாடிக்கையாளர்களின் பெயர், கார்டு எண், முகவரி ஆகியவற்றோடு பிறந்த தேதியும் அவர்கள் கைக்கு எட்டியது. மது வாங்க வயது வரம்பு இருப்பதால், ஒயினரிகள் பிறந்த தேதியையும் கேட்டு வாங்கி வைத்திருந்தன.

'நிலை' என்ற கட்டமும் சாதாரண விஷயம் இல்லை. ஒருவர் ஒயினுக்கு எவ்வளவு செலவழிக்கக்கூடியவர் என்பதை அது ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். ஆகவே, ஒயினரிக்குள்ளேயே யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் தேவை. சுவைக்கூடத்தில் உபசரிப்பவருக்கு, வந்திருக்கும் உறுப்பினர் எத்தனை பாட்டில் வாங்கலாம் என்பது தெரிந்தால் போதும். அவருடைய கார்டு விவரமோ, பத்து வருடச் செலவோ தேவையில்லை.

சரியாகச் செய்வது எப்படி?

தீர்வுக்கு விலையுயர்ந்த மென்பொருள் அவசியம் இல்லை. சாதாரண எக்ஸெல் ஷீட்டில்கூட முடியும். வேண்டியவை இவைதான்.

* நிலைக்குத் தேதி: ஒருவர் படி மாறும்போது பழைய பதிவை அழிக்கக் கூடாது. அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று குறித்துவிட்டு, புதிய நிலைக்குப் புதிய வரி தொடங்க வேண்டும்.

* பில்லோடு அன்றைய நிலை: ஒவ்வொரு விற்பனையிலும், வாங்கிய நாளில் அவர் எந்தப் படியில் இருந்தார், எத்தனை பாட்டில் ஒதுக்கீடு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நாளை அவர் எங்கே போனாலும் இந்த வரி மாறாது.

* கொடுத்தது தனி, வாங்கியது தனி: யாருக்கு எவ்வளவு தர முன்வந்தோம் என்பதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். 2020 போல எதுவும் தராத வருடத்தில், அது ஒயினரியின் கணக்கில் இருக்க வேண்டுமே தவிர, வாடிக்கையாளரின் குறையாகத் தெரியக் கூடாது.

* காரணமும் பெயரும்: நிலையை மாற்றியது யார், எதற்காக என்று ஒரு வரி எழுதினால் போதும். நாளை வாடிக்கையாளர் போன் செய்து கேட்கும்போது பதில் இருக்கும்.

* நீக்கும் முன் ஒரு மனிதர்: நீக்கவேண்டியவர்கள் பட்டியலைக் கம்ப்யூட்டர் தரட்டும். கடைசி முடிவை, பதிவுகளைப் படித்துப்பார்த்த ஒருவர் எடுக்கட்டும்.

இப்படிச் செய்தால், முன்பு சொன்ன உதாரணத்தில் 2019-ன் சராசரி எந்த வருடத்தில் கேட்டாலும் 2.2 என்றுதான் வரும். 100 பேரும் அன்றிருந்த படியிலேயே இருப்பார்கள்.

காற்று திசைமாறிய நேரம்

ஒரு காலத்தில் பெரிய ஒயினரிகளுக்கு இதெல்லாம் பொருட்டாக இல்லை. ஒருவரைத் தவறாக நீக்கினாலும், அந்த இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். இப்போது நிலைமை வேறு. அமெரிக்காவில் ஒயின் மீதான மோகம் குறைந்துவருகிறது. ஒயினரிகள் வீடுகளுக்கு நேரடியாக அனுப்பும் பெட்டிகளின் எண்ணிக்கை 2022-லிருந்து சரிவைச் சந்தித்துவருகிறது. இளைய தலைமுறை, அப்பாக்களைப்போல ஒரு பாட்டிலுக்காகப் பத்து வருடம் காத்திருக்கத் தயாராக இல்லை.

எனவே, முன்பு நீக்கப்பட்டவர்களைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலை ஒயினரிகளுக்கு வந்திருக்கிறது. இவர் நிஜமாகவே விலகிப்போனவரா, பாட்டிலே இல்லாத வருடத்தில் வாங்கவில்லை என்று வெளியே தள்ளப்பட்டவரா என்று தெரிந்தால்தானே அழைப்பை எப்படித் தொடங்குவது என்று தெரியும்? முதலாமவருக்குத் தேவை சலுகை. இரண்டாமவருக்குத் தேவை மன்னிப்பு.

பழைய எழுத்தை அழிக்காமல் வைத்திருக்கும் ஒயினரியால் மட்டும்தான் அந்த இரண்டாவது கடிதத்தைச் சரியான முகவரிக்கு அனுப்ப முடியும்.

*மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.*